மூட்டையில் வரும் ஜியோலைட் எல்லா உலோகத்தையும் எடுக்குமா?

கேள்வி: சிறிய மின்முலாம் பட்டறை நடத்துகிறேன். கழுவுநீரில் நிக்கல், துத்தநாகம், குரோமியம் மூன்றும் இருக்கின்றன. இயற்கை ஜியோலைட் கல்லைத் தொட்டியில் நிரப்பினால் எல்லா உலோகங்களையும் அது உறிஞ்சிவிடும் என்கிறார் விற்பனையாளர். நம்பி வாங்கலாமா?

பதில்: ‘எல்லா’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் அவர் சொல்வதில் உண்மை உண்டு. ஜியோலைட் பஞ்சைப் போல் உறிஞ்சுவதில்லை. எதிர்மின்னூட்டம் கொண்ட அதன் சட்டகம், நுண்துளைகளில் தங்கியிருக்கும் சோடியம், கால்சியம் முதலியவற்றை வெளியே விட்டு, நீரிலுள்ள நேர்மின் அயனிகளை அவற்றின் இடத்தில் அமர்த்திக்கொள்கிறது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமோ நீரில் குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாக இருப்பதால், பதப்படுத்தாத கல்லில் அது ஏறக்குறைய ஒட்டுவதே இல்லை. அதை முதலில் மூன்று இணைதிறனுக்கு ஒடுக்கி (எலக்ட்ரான் சேர்த்து இணைதிறனைக் குறைத்து), கரையாத வீழ்படிவாக்கித்தான் பிரிக்க வேண்டும். முலாம் பூச சயனைடு குளியல் (சயனைடு கலந்த கரைசல்) பயன்படுத்துகிறீர்கள் என்றால், துத்தநாகமும் சயனைடோடு சேர்ந்து எதிர்மின் அயனியாகிவிடுவதால் அதற்கும் இதே சிக்கல்தான்.

இந்த வேலைக்குப் பெரும்பாலும் விற்கப்படும் கிளினோப்டிலோலைட் என்னும் ஜியோலைட் வகை, ஈயத்தை விரும்பிப் பிடிக்கும். நீர் மூலக்கூறுகளை இறுக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் நிக்கலிடம் அதற்கு அவ்வளவு நாட்டமில்லை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கல்லின் அயனிப் பரிமாற்றத் திறன் கிராமுக்கு 1 மில்லி ஈக்விவலன்ட் (மின்னூட்டத்தை வைத்து அயனிகளை அளக்கும் அலகு; நிக்கலில் இது சுமார் 29 மில்லிகிராம்) என்றால், 1 கிலோ கல் அதிகபட்சமாக 29 கிராம் நிக்கலைப் பிடிக்கும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் நிக்கல் உள்ள நீரில் அது 580 லிட்டருக்குப் போதும். இது தாளில் வரும் கணக்கு. கால்சியமும் மக்னீசியமும் போட்டிக்கு வரும் உண்மையான கழுவுநீரில் கிடைப்பது இதில் ஒரு பகுதியே. ஆகவே சுண்ணாம்பு போன்ற காரத்தால் உலோகத்தைப் படியவைத்த பின், எஞ்சியிருப்பதைப் பிடிக்கும் கடைசிக் கட்டத்தில் இந்தக் கல்லை வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வாங்குமுன் கனிமத்தின் பெயர், அதன் தூய்மை விழுக்காடு, பரிமாற்றத் திறன், மணியளவு ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். மாவாக அரைத்த சரக்கு, கல் நிரப்பிய குழாயில் நீர் செல்லும் வழியை அடைத்துவிடும் என்பதால் மணியாக உள்ளதையே வாங்குங்கள். எரியோனைட் என்னும் நாரிழை வகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது; அது கலக்கவில்லை என்ற உறுதியையும் பெறுங்கள். பிறகு மாதிரி வாங்கி, சிறு குழாயில் நிரப்பி, உங்கள் சொந்தக் கழுவுநீரையே அதன் வழியே விட்டு, எத்தனையாவது லிட்டரில் உலோகம் வெளியேறத் தொடங்குகிறது என்பதை ஆய்வகத்தில் சோதியுங்கள். வேறொருவருடைய நீரில் எடுத்த சான்றிதழ் உங்களுக்கு உதவாது.

உப்புக் கரைசலால் கல்லைப் புதுப்பிக்கலாம் என்றும் சொல்வார்கள். செய்யலாம்தான், ஆனால் உலோகம் முழுவதும் அந்த உப்புநீருக்குப் போய்விடும், அதை மறுபடி சுத்திகரிக்க வேண்டும். புதுப்பிக்காமல் கழித்த கல்லும் அபாயக் கழிவாகவே கருதப்படக்கூடியது. அதை யார் எடுத்துச் செல்வார்கள், எவ்வளவு செலவாகும் என்பதையும் சேர்த்துக் கூட்டிய பிறகே மூட்டை விலையைப் பேசுங்கள்.