ஆவாரை காசியாவா, சென்னாவா?

ஞாயிற்றுக்கிழமை காலை நன்மங்கலம் காட்டோரம் ஆவாரைப் புதரைச் சுற்றி நின்றபோது செடிகளின் அறிவியல் பெயர்களைப் பற்றி ஆளாளுக்குக் கேட்டீர்கள். வெயில் ஏறிவிட்டதால் பாதிக்குத்தான் பதில் சொன்னேன். மீதி இங்கே.

மடிப்பாக்கம் அம்மா: நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஆவாரம்பூப் பொடியில் ‘காசியா ஆரிகுலேட்டா’ என்று போட்டிருக்கிறது. நீங்கள் ‘சென்னா’ என்றீர்கள். வேறு எதையோ கொடுத்துவிட்டார்களா?

இல்லைங்கம்மா, செடி அதேதான். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் காசியா ஆரிகுலேட்டா. முதல் சொல் பேரினம், அதாவது நெருங்கிய செடிகளின் கூட்டம்; இரண்டாவது அதற்குள் இந்த இனம். அதைச் சென்னா என்ற பேரினத்தில் சேர்த்தவர் ராக்ஸ்பர்க். 1776இல் மருத்துவராக மதராஸ் வந்து செடிப் பைத்தியமானவர். 1815இல் இறந்துவிட்டார், சென்னா என்று எழுதியிருந்த அவருடைய புத்தகம் அச்சில் வந்ததோ 1832இல். ஆனாலும் காசியா என்று எழுதும் பழக்கம் போகவில்லை. 1982இல் இர்வின், பார்னபி என்ற இரண்டு தாவரவியலாளர்கள் பெரிய காசியாக் கும்பலைக் காசியா, சென்னா, கமேகிறிஸ்டா என்று மூன்றாகப் பிரித்த பிறகுதான் ராக்ஸ்பர்க் பெயருக்கு மவுசு வந்தது. பாக்கெட் அச்சடிப்பவர்களுக்கு இன்னும் சேதி போகவில்லை, அவ்வளவுதான்.

பெரம்பூர் தம்பி: எங்கள் தெரு சரக்கொன்றை மட்டும் ஏன் இன்னும் காசியா?

பூவை விரித்துப் பார் தம்பி. பத்து மகரந்தத் தாள்களில் மூன்று மட்டும் நீளமாக, பாம்பு நெளிகிற மாதிரி இரண்டு தடவை வளைந்து இதழைத் தாண்டி நிற்கும். அந்த நெளிவுதான் காசியாவின் அடையாளம், ஆவாரம்பூவில் அது கிடையாது. லென்ஸ்கூட வேண்டாம், வெறுங்கண்ணே போதும்.

வேளச்சேரி: ஆரிகுலேட்டா என்றால்?

காதுள்ளது. இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் வட்டமாகக் காதுமடல் மாதிரி ஒட்டியிருக்குமே, அதுதான். அன்றைக்கு எல்லோரும் பூவைத்தான் போட்டோ எடுத்தீர்கள்.

தாம்பரம் சார்: சென்னா என்றால் பேதி மருந்தாச்சே?

அது நிலாவாரை, திருநெல்வேலிப் பக்கம் பயிரிடுவது. அதே பேரினம், வேறு இனம். பேரைப் பாருங்கள் சார்: நிலாவாரை, பொன்னாவாரை, பேயாவாரை எல்லாமே இப்போது சென்னாதான். 1982இல் பிரித்ததை நம்ம ஆட்கள் பெயரிலேயே எப்போதோ பிரித்துவிட்டார்கள். ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். பெயரில் கொன்றை என்று இருந்தும் மஞ்சள் கொன்றை சென்னாவில்தான் போய் விழுகிறது.

அப்புறம், சென்னாவுக்கும் சென்னைக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டவருக்கு: இல்லை. அது அரபியில் ‘சனா’.

அடையாறு: மாறின பெயர் திரும்பவும் மாறுமா?

மாறும். முகத்துவாரத்தில் வேலி மாதிரி வளர்ந்திருக்கிற சங்கங்குப்பியை லின்னேயஸ் வோல்கமேரியா என்றார். 1788இல் கிளெரோடென்ட்ரமுக்குப் போனது. 2010இல் மரபணுவைப் பார்த்துவிட்டு மறுபடி வோல்கமேரியாவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் நோட்டில் பழைய பெயரை அடித்துவிடாதீர்கள், பக்கத்தில் புதியதை எழுதுங்கள். பென்சிலில்.