திருவொற்றியூர் மாடிக் கூரையில் நான்கே மாதத்தில் துருப்புள்ளிகள்: ஷீட்டை மாற்ற வேண்டுமா?

மாடியில் போட்ட பெயின்ட் பூசிய இரும்பு ஷீட் கூரையில் நான்கே மாதத்தில் துருப்புள்ளிகள் வந்துவிட்டன, மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு ஷீட்டைக் கழற்றாதீர்கள். மிளகு தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள் என்றால், பெரும்பாலும் துருப்பிடித்திருப்பது ஷீட் அல்ல, அதன்மேல் ஒட்டியிருக்கும் இரும்புத் தூள். கூரைமேலேயே கட்டிங் மெஷினால் அறுத்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சூடான பொறிகள் பெயின்ட்டில் பதிந்து, கடற்காற்றின் ஈரத்தில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். துகள் பெயர்ந்து, அடியில் நிறம் முழுதாக இருந்தால் கூரை பிழைத்தது. மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். கம்பிப் பிரஷும் ஆசிட்டும் வேண்டவே வேண்டாம்.

வெட்டிய ஓரங்களில் பெயின்ட் உப்பி உரிந்திருந்தால் கதை வேறு. மெஷினின் சூடு அடியிலுள்ள, துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சையே எரித்திருக்கலாம். அந்த ஷீட்டை மட்டும் மாற்ற வேண்டிவரும். புது ஷீட்டைத் தரையில் வைத்து, தகடு வெட்டும் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். திருகுக்குத் துளையிட்ட தூளை அன்று மாலையே கூட்டிவிட வேண்டும்.

இன்னொன்று: சுவரில் அடித்த ஷீட்டில் மழை படாத இடத்தில்தான் கடற்காற்றின் உப்பு தங்கும். அதை அவ்வப்போது கழுவுங்கள். உங்கள் போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அது வேண்டாம், மெட்ரோ தண்ணீரே நல்லது.