கார் ஏசியில் காற்று வருகிறது, ஆனால் குளிர்ச்சி இல்லை. கேஸ் நிரப்பினால் சரியாகிவிடுமா?

காற்று வேகமாகவே வருகிறது, குளிர்ச்சிதான் இல்லை, பணிமனையில் கேஸ் நிரப்பச் சொல்கிறார்கள், நிரப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் குறைந்திருப்பதை உறுதிசெய்யாமல் நிரப்ப வேண்டாம் என்பதே என் பதில். ஏசியின் கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை; மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது. ரப்பர் குழாய்கள் வழியாகவும் கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசரின் தண்டிலுள்ள சீல் வழியாகவும் பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது இயல்புதான். நேற்றுவரை நன்றாக இருந்த குளிர்ச்சி திடீரென்று போய்விட்டது என்றால், எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது, அல்லது கோளாறு கேஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று.

காற்றின் வேகம் குறைந்திருந்தால் கேபின் ஃபில்டரையும் புளோயரையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்பதால் நேராகக் கம்ப்ரசருக்குப் போகலாம். எஞ்சின் ஓடும்போது ஏசியை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, கையும் துணியும் பெல்ட் பக்கம் போகாதபடி சற்றுத் தள்ளி நின்று கம்ப்ரசரின் முகப்பைக் கவனியுங்கள். பெல்ட்டோடு புல்லி சுழன்றுகொண்டிருக்கும். அதன் நடுவில் உள்ள வட்டத் தகடு அசையாமல் நிற்கும். உள்ளே இருப்பவரிடம் ஏசியைப் போடச் சொன்னால், ‘டக்’ என்ற ஓசையுடன் அந்தத் தகடு புல்லியோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுழல வேண்டும். எஞ்சினின் ஓசையும் ஒரு கணம் தாழ்ந்து பிறகு சீராகும். இப்படித் தகட்டைப் புல்லியோடு ஒட்டவும் விடவும் செய்யும் அமைப்புதான் கிளட்ச். இப்போது வரும் பல கார்களில் இந்தக் கிளட்ச்சே கிடையாது. தகடு எப்போதும் சுழலும், அழுத்தத்தை உள்ளே இருக்கும் ஒரு கட்டுப்பாட்டு வால்வு கூட்டிக் குறைக்கும். அத்தகைய காரில் இந்தச் சோதனையால் எதுவும் தெரியாது, ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தகடு ஒட்டவே இல்லை என்றால் முதலில் ஃபியூஸையும், கிளட்ச்சுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேவையும் பாருங்கள். அதே எண்ணுள்ள வேறொரு ரிலேவை மாற்றிப் போட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை. அவை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் அழுத்த ஸ்விட்ச். கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் குறைந்தால் எண்ணெயும் திரும்பி வராது, கம்ப்ரசர் வறண்டு ஓடித் தேய்ந்துவிடும். அதைத் தடுக்கவே இந்த ஸ்விட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஆகவே அந்த ஸ்விட்ச்சைத் தவிர்த்து, ஒரு துண்டு வயரால் நேரடியாக இணைப்புக் கொடுத்துக் கம்ப்ரசரை ஓடவைத்துக் காட்டுபவரிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது நல்லது. காலையில் குளிர்ந்து, எஞ்சின் சூடானதும் கிளட்ச் விட்டுவிடுகிறது என்றால் அது வேறு கதை: தகடு தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும், அதை மின்காந்தமாக இழுக்கும் காயிலுக்கு, சூடான பிறகு இழுத்துப் பிடிக்கும் வலு போதவில்லை. பல கம்ப்ரசர்களில் ஷிம் என்ற மெல்லிய வளையத்தை மாற்றி இடைவெளியைக் குறைத்தாலே போதும். கம்ப்ரசர் முழுவதையும் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

கம்ப்ரசர் ஓடியும் குளிரவில்லை என்றால், எஞ்சின் பகுதிக்கும் டாஷ்போர்டுக்கும் இடையிலுள்ள இரும்புச் சுவருக்குள் நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்களைத் தேடுங்கள். மெல்லிய குழாய் வெதுவெதுப்பாகவும், தடித்த குழாய் சில்லென்றும் இருக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் தடித்த குழாயின்மேல் வெளிப்புறத்தில் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் கோத்து நிற்கும். கம்ப்ரசரிலிருந்து, காரின் முன்புறம் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குப் போகும் குழாயைத் தொட்டுவிடாதீர்கள், கை சுட்டுவிடும். தடித்த குழாய் நன்றாகக் குளிர்ந்திருந்தும் உள்ளே வெப்பக்காற்று வருகிறது என்றால் கேஸ் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. குளிர்ந்த காற்றோடு ஹீட்டரின் சூடு கலக்கிறது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கலப்புக் கதவையோ அதை இயக்கும் சிறிய மோட்டாரையோ பார்க்க வேண்டும். வெப்பநிலைக் குமிழைத் திருப்பும்போது உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று தொடர்ந்து ஓசை வந்தால், அந்த மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்திருப்பதற்கான அடையாளம் அது.

வண்டி ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நிற்கும்போது வெப்பமாகிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. இது மிக முக்கியமான கேள்வி. என் காரில் இப்படி நேர்ந்தபோது ஒரு பணிமனையில் கேஸ் குறைவு என்றார்கள். உண்மையில் கண்டென்சருக்குக் காற்றடிக்கும் விசிறியின் மோட்டார் தேய்ந்து, பெயரளவுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று போதும், நிற்கும் வண்டிக்கு விசிறிதான் துணை. வண்டி நின்று குளிர்ச்சி குறைந்த நேரத்தில் கண்டென்சர்மீது தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். உடனே குளிர்ச்சி திரும்பினால் விசிறியையும், கண்டென்சரின் தகடுகளில் அடைத்திருக்கும் சேற்றையும் பூச்சிகளையும் கவனிக்க வேண்டும். அந்த நிலையில் கூடுதலாகக் கேஸ் ஏற்றியிருந்தால் ஏற்கெனவே எகிறிக்கிடந்த அழுத்தம் இன்னும் எகிறியிருக்கும்.

இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்றால் மீட்டர் வைத்து அழுத்தத்தைப் பார்க்கும் கட்டம் வருகிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆர்-134ஏ கேஸ், எஞ்சின் அணைந்த நிலையில் 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) காட்டும். உள்ளே சிறிதளவேனும் திரவமாக இருக்கும்வரை, 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதே எண்தான். ஆகவே நிற்கும் வண்டியில் மீட்டரைப் பார்த்துவிட்டு ‘கேஸ் நிறைய இருக்கிறது’ என்று சொல்வதற்கு மதிப்பில்லை. ஓடும்போது பார்த்தால் தாழ்வழுத்தம் பொதுவாக 25 முதல் 45 பிஎஸ்ஐ, உயரழுத்தம் 150 முதல் 250 பிஎஸ்ஐ என்ற அளவில் இருக்கும். கடும் வெயிலில் இன்னும் ஏறும். இரண்டுமே தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. தாழ்வு ஏறி உயர்வு இறங்கியிருந்தால் கம்ப்ரசர் அழுத்தவில்லை. இரண்டுமே ஏறியிருந்தால் கேஸ் மிகுதி, அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது மேலே சொன்ன விசிறி. தாழ்வுப் பக்கம் சுழியத்துக்கும் கீழே போனால், திரவக் கேஸின் அழுத்தத்தைக் குறைத்துக் குளிரவைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. உள்ளே புகுந்த ஈரம் அங்கே பனிக்கட்டியாக உறைந்தாலும் இப்படித்தான் காட்டும்.

கேஸ் குறைவு என்று உறுதியானால் கசிவைத் தேடாமல் நிரப்புவது வீண். கேஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெயும் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கருப்பாக அப்பிக் கிடக்கும். குழாய் இணைப்புகள், கல்லடிபட்ட கண்டென்சர், கேஸ் ஏற்றும் வால்வுகளின் மூடிக்கு உட்புறம் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குப் படாததை நைட்ரஜன் ஏற்றியோ, புற ஊதா ஒளியில் மிளிரும் சாயம் செலுத்தியோ கண்டுபிடிக்கலாம். ஓட்டையை அடைக்கும் திரவம் கலந்த டப்பாக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, வால்வையும் கேஸை மீட்கும் இயந்திரத்தையும் அடைக்கக்கூடும். பழுது நீக்கிய பிறகு குறைந்தது அரை மணி நேரமாவது வேக்குவம் போட வேண்டும், அதாவது குழாய்களுக்குள் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கினால்தான் உள்ளே உள்ள ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும்.

புதிய கார்கள் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் என்ற கேஸ் இருக்கிறது. அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, அதன் இணைப்புகளும் வேறு. ஆர்-134ஏவோடு கலக்கக் கூடாது. ஹைப்ரிட் அல்லது மின்சாரக் கார் என்றால் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற வயர்கள் கண்ணில் பட்டால் அங்கே கை வைக்காமல் அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

எத்தனை கிராம் கேஸ் வேண்டும் என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள தாளில் அச்சிடப்பட்டிருக்கும். நிரப்புவதற்கு முன் பழைய கேஸை இயந்திரத்தால் வெளியே எடுத்து, அதன் எடையைச் சொல்லும்படி பணிமனையில் கேளுங்கள். அந்த எடையும் தாளில் உள்ள அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உங்கள் காரில் கேஸ் குறையவே இல்லை. எடுத்ததை அதே அளவில் திரும்ப ஏற்றச் சொல்லிவிட்டு, விசிறியையும் கலப்புக் கதவையும் பார்க்கச் சொல்லுங்கள்.