கருப்புப் பட்டைத் தேர்வும் கடுங்காப்பி நிறச் சிறுநீரும்

கேள்வி: எனக்கு வயது 44. திருமங்கலத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மகளைக் கராத்தே வகுப்பில் சேர்க்கப் போய் நானும் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் ஏழு வாரத்தில், மே மாத நடுவில், மதுரையில் எனக்கு பிளாக் பெல்ட் தேர்வு. ஒரு கல்யாண மண்டபத்து மாடியின் தகரக் கொட்டகையில், காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி நான்கு மணி நேரம் நடக்கும். முதல் ஒரு மணி நேரம் தண்டால், பஸ்கி, பிறகு கட்டா என்னும் அசைவு வரிசைகள், கடைசியில் பத்துப் பேருடன் குமித்தே என்னும் நேரடி மோதல். நடுவில் தண்ணீர் குடிக்க மாஸ்டர் விடுவதில்லை. இரத்த அழுத்தத்துக்காக டெல்மிசார்ட்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 சேர்ந்த மாத்திரையை நான்கு ஆண்டுகளாகத் தினமும் ஒன்று போடுகிறேன். பஸ்கி எடுத்தால் வலது முழங்கால் வலிக்கிறது. தேர்வன்று காலையில் அசிக்ளோஃபெனாக் மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு போகலாமா? சென்ற ஆண்டு பிரவுன் பெல்ட் தேர்வை அப்படித்தான் சமாளித்தேன். அப்போது மூன்று நாள் தொடை வலியும், நீர்ச்சுருக்கு போலச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதும் தவிர வேறு தொந்தரவு இல்லை. இளநீர் குடித்ததில் சரியாகிவிட்டது.

பதில்: முழங்கால் வலிக்கு அந்த மாத்திரையைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடக் கூடாது. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கேள்வியை அல்ல, கடைசி வரியை. 'தவிர வேறு தொந்தரவு இல்லை' என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட அந்தக் கடுங்காப்பி நிறத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

நீர்ச்சுருக்கில் சிறுநீர் அடர்மஞ்சளாக, சொட்டுச் சொட்டாக, எரிச்சலோடு போகும். இரண்டு சொம்பு தண்ணீர் உள்ளே போனதும் நிறம் வெளுத்துவிடும். கடுங்காப்பி நிறம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. தாங்கும் அளவுக்கு மேல் வேலை வாங்கப்பட்ட தசையின் செல்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற செந்நிறப் புரதம் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும்போது சிறுநீருக்கு அந்த நிறம் வருகிறது. ராப்டோமயோலிசிஸ் என்று இதற்குப் பெயர். தசைச் சிதைவு என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று நாள் தொடை வலியும் அந்த நிறமும் சேர்ந்து வந்திருப்பதால், சென்ற ஆண்டு உங்களுக்கு அது ஓரளவு நேர்ந்து தானாகவே அடங்கியிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் கிளினிக்குக்கு ஓர் இளைஞர் வந்தார். இரண்டு ஆண்டுகளாகப் பயிற்சியை விட்டிருந்தவர், நண்பர்களிடம் பந்தயம் கட்டி ஒரே மூச்சில் முந்நூறு பஸ்கி எடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் வரும்போது தொடை இரண்டும் பலகைபோல் விறைத்திருந்தன. நாற்காலியில் உட்காருவதற்குக் கைகளை ஊன்றி மெல்ல இறங்க வேண்டியிருந்தது. அவர் சிறுநீர் பிடித்துக் கொடுத்த சிறு பிளாஸ்டிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் மறுபக்கம் தெரியவில்லை. சோதனைப் பட்டையை அதில் நனைத்ததும் இரத்தம் இருப்பதாகப் பச்சை நிறம் காட்டியது. அதே சிறுநீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஒரு சிவப்பணுகூட இல்லை. இரத்தத்துக்கும் மயோகுளோபினுக்கும் அந்தப் பட்டைக்கு வேறுபாடு தெரியாது. தசை உடைந்தால் இரத்தத்தில் ஏறும் சி.பி.கே. என்ற நொதி பொதுவாக 200 அலகுக்குள் இருக்கும்; அவருக்கு அது நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. மருத்துவமனையில் சேர்த்துப் பல நாள் சலைன் ஏற்றிய பிறகே மீண்டார். அவருக்கு வயது 23; இரத்த அழுத்தம் இல்லை, எந்த மாத்திரையும் இல்லை.

இனி உங்கள் மாத்திரைகளுக்கு வருகிறேன். நம் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியாக நீர் வருகிறது, மடை வழியாகப் போகிறது. இரண்டுக்கும் நடுவே நீர்மட்டம் நின்றால்தான் பாசனம். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் உள்ளே வரும் நுண்குழாய் ஒன்றும் வெளியேறும் நுண்குழாய் ஒன்றும் உண்டு. இரண்டுக்கும் இடையே அழுத்தம் நின்றால்தான் வடிகட்டும் வேலை நடக்கும். டெல்மிசார்ட்டன் வெளியேறும் குழாயை, அதாவது மடையை, விரித்துவிடுகிறது. ஹைட்ரோகுளோரோதயசைட் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றி மொத்த வரத்தையே குறைக்கிறது. அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள், உள்ளே வரும் குழாயை விரித்து வைத்திருக்கும் இயற்கையான ஏற்பாட்டைத் தடுத்து வரத்துக்காலைச் சுருக்குகின்றன. முதல் இரண்டும் உங்கள் இரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்துகள்; சாதாரண நாளில் சிறுநீரகம் அவற்றைச் சமாளித்துக்கொள்ளும். மூன்றாவதும் சேர்ந்து, நான்கு மணி நேரம் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல், அதன் மேல் மயோகுளோபினும் வந்து அடைத்தால் சமாளிப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. சென்ற ஆண்டு இதே கூட்டணியோடுதான் தேர்வுக்குப் போயிருக்கிறீர்கள்; தப்பித்தது அதிர்ஷ்டம்.

இளநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மற்ற நாளில் எவ்வளவு வேண்டுமானாலும் குடியுங்கள் என்றே சொல்வேன். ஆனால் அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். உடைந்த தசையிலிருந்தும் பொட்டாசியம்தான் கொட்டுகிறது; டெல்மிசார்ட்டனும் அதை உடம்பில் தேக்கி வைக்கும் மருந்து; சிறுநீரகமும் சுணங்கிவிட்டால் இரத்தத்தில் ஏறும் பொட்டாசியம் இதயத் துடிப்பின் தாளத்தையே குலைக்கக்கூடும். சிறுநீர் கருத்த நாளில் இளநீர் மருந்தன்று.

முதலில் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை. கடினப் பயிற்சியை ஒரு வாரம் நிறுத்திவிட்டு சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், சோடியம், சர்க்கரை, சி.பி.கே., தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சிறுநீர் ஆகியவற்றைப் பாருங்கள். ஓய்வுக்குப் பிறகும் சி.பி.கே. உயர்ந்தே இருந்தால் தைராய்டு குறைபாடோ, தசையில் வேறு ஏதேனும் கோளாறோ இருக்கிறதா என்று தேட வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை ஏதும் சாப்பிட்டு எனக்கு எழுதாமல் விட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். 44 வயதும் இரத்த அழுத்தமும் சேர்ந்திருப்பதால் இ.சி.ஜி.யும் டிரெட்மில் பரிசோதனையும் தேவை. உங்களுக்கு மாத்திரை எழுதிய மருத்துவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி, நீர் பிரிக்கும் பகுதி இல்லாத வேறு மாத்திரைக்கு இப்போதே மாற முடியுமா என்று கேளுங்கள். ஏழு வாரம் இருப்பதால் மாற்றிப் பார்த்து அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று கவனிக்க நேரம் இருக்கிறது. நீங்களாகவே எதையும் நிறுத்த வேண்டாம். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஓய்வாக இருக்கும்போதே 160/100க்கு மேல் காட்டினால் நான் உங்களுக்குத் தகுதிச் சான்று தரமாட்டேன்.

முழங்காலைப் பொறுத்தவரை, பஸ்கி எடுக்கும்போது மட்டும் வருவது பெரும்பாலும் முட்டிச் சில்லுக்குப் பின்னால் எழும் வலி. தொடையின் முன்தசையையும் இடுப்புத் தசையையும் வலுவாக்கும் பயிற்சிகளை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுச் செய்தால் ஆறு வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும். தவிர்க்க முடியாவிட்டால் பாராசிட்டமால் 650 ஒன்று போட்டுக்கொள்ளலாம். வீக்கமோ, மடங்கிய கால் நீளாமல் மாட்டிக்கொள்வதோ இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

பயிற்சியில் நீங்கள் கவனிக்க வேண்டியது பஸ்கி ஒன்றைத்தான். தசையை அதிகம் கிழிப்பது எழும் அசைவு அல்ல, உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டு மெல்ல இறங்கும் அசைவு. ஆனால் ஒருமுறை அளவாகச் சுமை ஏற்றிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே சுமையில் முன்போல் சேதமடைவதில்லை. ஆகவே தேர்வில் இருநூறு பஸ்கி கேட்பார்கள் என்றால், பரிசோதனை முடிவுகள் சரியாக இருந்தால் அடுத்த வாரம் நாற்பதில் தொடங்கி, வாரம் இரு நாள் மட்டும் எடுத்து, படிப்படியாக ஏற்றி, ஐந்தாம் வாரத்தில் அந்த எண்ணிக்கையை ஒரே ஒருமுறை தொட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் கட்டா மட்டும் போதும். வகுப்புகளில் நான் காண்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. தேர்வு நெருங்க நெருங்கத்தான் வெறிகொண்டு பயிற்சி செய்கிறார்கள்.

அடுத்தது வெயில். மே நடு என்றால் கத்திரி. மதுரையில் அப்போது 40 டிகிரி புதுமையில்லை, தகரத்தின் கீழ் அதற்கும் மேல். தடித்த பருத்திச் சீருடை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டால் வியர்வை ஆவியாக வழியில்லை; வியர்வை ஆவியாகாமல் உடம்பு குளிராது. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரமேனும், தேர்வு நடக்கும் அதே நேரத்தில், அதே சீருடையில், இருபது நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக நீட்டிப் பயிற்சி செய்தால் உடம்பு வெயிலுக்குப் பழகும். அந்த நாட்களில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடை மாற்றி எடை பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 72 கிலோ 70.8 ஆனால் 1.2 லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள் என்று பொருள். நான்கு மணி நேரத்துக்கு அது என்ன கணக்கு என்பதைக் கணக்கு எழுதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் தராத வழக்கத்தைப் பற்றி மாஸ்டரிடம் நீங்கள் பேசியே ஆக வேண்டும். மாணவரின் மனவுறுதியைச் சோதிப்பது அவர் கலையைச் சேர்ந்தது, அதில் நான் தலையிடவில்லை. தாகத்தை அடக்கும் பழக்கத்தால் வியர்வை குறையாது என்பது மட்டும் என் துறையைச் சேர்ந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 150 முதல் 200 மில்லி வரை உங்களுக்கு அனுமதிக்க வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள். காலை ஆறு மணிக்கே தொடங்கலாமே என்றும் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு உங்களைத் தவிர மற்றவர்களும் தயங்கிக்கொண்டு இருக்கக்கூடும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் நீரில் கரைத்து எடுத்துச் செல்லுங்கள், பாதிப் பொட்டலம் போட்டு அரை லிட்டர் என்று கைக்கணக்கு வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது. 'முன்கூட்டியே குடித்து வைத்துக்கொள்கிறேன்' என்று காலையில் மூன்று லிட்டர் வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம், வலிப்புவரை போகலாம். ஜிகர்தண்டா தேர்வு முடிந்த பிறகு.

உடன் வருபவர் யாராயினும், மகளாகவே இருந்தாலும், ஒன்றைச் சொல்லி வையுங்கள். பேச்சு குழறினாலோ, கட்டாவின் அடுத்த அசைவு தெரியாமல் விழித்து நின்றாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ அது களைப்பு அல்ல, ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதமாக இருக்கலாம். உடம்பு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே அது வரும். உடனே சீருடையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, அக்குளிலும் கழுத்திலும் ஐஸ் வைத்துக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், குமித்தேயில் தலையில் அடிபட்டுச் சில நொடி நினைவு தவறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் தேர்வு அங்கேயே முடிந்தது. முந்தைய இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்திருந்தால் தொடங்கவே வேண்டாம். அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுங்கள்.

தேர்வு முடிந்த பிறகு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். இந்தியக் கழிப்பறையில் நிறம் சரியாகத் தெரியாது. ஒரு கண்ணாடி டம்ளரை அதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். வெளிர்மஞ்சளாக இருந்தால் வழக்கமான தசைவலிதான், நாலு நாளில் போய்விடும். மறுபடியும் கடுங்காப்பி நிறம் தெரிந்தாலோ, அரைநாள் சிறுநீரே பிரியாவிட்டாலோ, இளநீர்க் கடைக்குப் போகாமல் நேராக அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், சாப்பிடும் மாத்திரை அட்டையைக் காட்டி, சென்ற ஆண்டும் இப்படி ஆனது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நிறம் மாறாவிட்டாலும் மூன்றாம் நாள் கிரியேட்டினினும் சி.பி.கே.யும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். கிரியேட்டினின் சரியாக இல்லாவிட்டால், மேலே பயிற்சியைப் பற்றி நான் எழுதியிருப்பது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.