பீரோவில் முட்டிய நாய்

வணக்கம் சார். எங்கள் நாய்க்குப் பதின்மூன்று வயது. போன வருடம் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. ஆனாலும் மாடிப்படி ஏறி இறங்குகிறான், கடைசிப் படி எது என்றுகூடத் தெரிகிறது. எல்லாம் மோப்பம் என்று நினைத்திருந்தேன். போன வாரம் பீரோவை இடம் மாற்றினோம். நேராகப் போய் முட்டிக்கொண்டான். மோப்பம் என்றால் பீரோ வாசனை தெரிந்திருக்க வேண்டாமா?

– ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

வாசனை தெரிந்திருக்கும். அவன் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். பழகின வழியில் அவன் நடப்பது பெரும்பாலும் ஞாபகத்தை வைத்து.

ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் நீர் மூஞ்சூறுகளை வளர்த்தார். அவற்றுக்குப் பார்வை மிக மட்டம். புதிய இடத்தில் விட்டால் மீசையால் இடமும் வலமும் தடவித் தடவி, அங்குலம் அங்குலமாக நகரும். வழி மனப்பாடம் ஆனதும் ஒரே ஓட்டம்தான். வழியில் ஒரு கல் இருந்தது. அதன்மேல் தாவி இறங்கிப் போவது வழக்கம். லோரன்ஸ் அந்தக் கல்லை நகர்த்திவிட்டார். மூஞ்சூறு அதே இடத்துக்கு வந்ததும், இல்லாத கல்லின் மேல் தாவித் தொப்பென்று விழுந்தது. அப்புறம் செய்ததுதான் வேடிக்கை. வந்த வழியே திரும்பிப் போய், கவனமாகத் தடவிப் பார்த்து, 'வழி சரிதான்' என்பதுபோல் மறுபடி வேகமாக ஓடிவந்து மறுபடியும் விழுந்தது. அதற்குப் பிறகுதான் கல்லைக் காணோம் என்பதே அதற்கு உறைத்தது.

வௌவால் இன்னும் மோசம். எதிரொலி கேட்டுப் பறக்கிற பிராணி, பழகிய குகையில் புதிதாக ஒரு தடுப்பை வைத்தால் போய் மோதுகிறது, அதுவும் குரல் எழுப்பிக்கொண்டே! இதைக் கவனித்த அமெரிக்க விலங்கியலாளர் டொனால்ட் கிரிஃபின் 'ஆண்ட்ரியா டோரியா விளைவு' என்று பெயர் வைத்தார். 1956இல் மூடுபனியில், ரேடார் வேலை செய்துகொண்டிருந்தும், இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கிய இத்தாலியக் கப்பல் அது.

ஞாபகத்தை நம்பினால் வேகமாகப் போகலாம், அடிக்கு அடி தடவ வேண்டாம். வீட்டில் எதுவும் நகராதவரை அது லாபம்தான்.

பீரோ புது இடத்திலேயே இருக்கட்டும். கழுத்துப் பட்டையைப் பிடித்து, சில தடவை மெதுவாக அந்தப் பக்கம் கூட்டிப் போங்கள். மூக்காலும் மீசையாலும் தொட்டுப் பார்க்கட்டும். நாற்காலிகளைச் சாப்பிட்டதும் பழைய இடத்திலேயே தள்ளி வையுங்கள். பீரோ முன்பு இருந்த இடத்தையும் கொஞ்ச நாள் அவன் சுற்றிக்கொண்டே போகக்கூடும். அதற்காக அவனை அதட்ட வேண்டாம்.