கெய்ஷா நாவலும் சில சந்தேகங்களும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ‘மெமாயர்ஸ் ஆஃப் எ கெய்ஷா’ நாவலின் தொடக்கத்தில், ஒரு கெய்ஷா (விருந்துகளில் ஆடிப் பாடி மகிழ்விக்கும் ஜப்பானியக் கலைஞர்) சொல்லச் சொல்லப் பதிவு செய்ததாகப் பேராசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறாரே, உண்மைக் கதையா?

பதில்: அந்தப் பேராசிரியரே கற்பனைப் பாத்திரம்தான். 1997இல் வந்த நாவலை எழுதியவர் அமெரிக்கரான ஆர்தர் கோல்டன். ஜப்பானின் கியோட்டோ நகரில் கியோன் பகுதிக் கெய்ஷாவாக இருந்த மினேகோ இவாசாகியைப் பேட்டி கண்டு, நன்றியுரையில் அவர் பெயரையும் போட்டுவிட்டார். பெயரை வெளியிடுவதில்லை என்ற வாக்கு மீறப்பட்டதாக 2001இல் இவாசாகி வழக்குத் தொடர்ந்தார். 2003இல் சமரசமானது. இடையில், 2002இல், தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். கன்னிமை ஏலம் போகும் அத்தியாயத்தை அவர் அடியோடு மறுக்கிறார். ஆனால் அவர் தொழிலில் இருந்தது 1960, 70களில். நாவலின் மையமோ 1930கள். நடுவே, 1958இல், விபசாரத் தடைச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்துவிட்டது. ஒருவர் சாட்சியத்தை வைத்து இரண்டு காலத்துக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

கேள்வி: யார் அம்மா, யார் அக்கா, பணம் யாருக்குப் போகிறது, ஒன்றும் பிடிபடவில்லை.

பதில்: ஒரு துண்டுத் தாளில் இரண்டு வீடுகளை வரையுங்கள். ஒன்று ஒக்கியா: பெண்கள் தங்கும் வீடு. மற்றது ஒச்சாயா: விருந்து நடக்கும் வீடு. இரண்டையும் ஒன்றாக்கிக் கொள்வதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஒக்கியாவின் உரிமையாளர்தான் ‘அம்மா’. சாப்பாடு, கிமோனோ, நடன வகுப்பு என்று சிறுமிக்காக அவர் செலவழிப்பதெல்லாம் கடனாக ஏறும். அது தீரும்வரை சம்பாத்தியம் வீட்டுக்கே. ‘அக்கா’ தொழில் பழக்கி, விருந்துகளில் அறிமுகம் செய்து வைக்கும் மூத்தவர். மூன்று கிண்ணங்களில் மும்மூன்று மடக்கு சாக்கே என்னும் அரிசி மது குடித்து இந்த உறவை உறுதி செய்வார்கள். பெரும்பாலும் தங்கைக்கு அக்கா பெயரின் ஒரு பகுதி வரும் என்பதால், பெயர் ஒத்துப்போனால் அந்த அக்காவின் வழி வந்தவர் என்று ஊகிக்கலாம்.

ஊதுபத்தி எரியும் நேரத்தை வைத்துக் கட்டணம் கணக்கிட்டார்கள். விருந்தாளி அங்கேயே காசை எண்ணி வைப்பதில்லை. ஒச்சாயா பிறகு ரசீது அனுப்பும். கடனுக்கு நடக்கும் வியாபாரம் என்பதால்தான், பழைய வாடிக்கையாளர் அழைத்து வராத புதியவரை உள்ளே விடுவதில்லை. அதை வெறும் பகட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: உடையைப் பார்த்தே யார் என்று சொல்ல முடியுமா?

பதில்: முடியும். கியோட்டோவில் பயிற்சிப் பெண் மாய்க்கோ, முழுத் தகுதி பெற்றவர் கெய்க்கோ. முதலில் கழுத்துப் பட்டியைப் பாருங்கள்: மாய்க்கோவுக்குச் சிவப்பு, அனுபவம் கூடக்கூட வெள்ளைப் பூவேலை அதை மறைத்துக்கொண்டே வரும், கெய்க்கோவுக்கு முழு வெள்ளை. முதலாண்டு மாய்க்கோ கீழுதட்டுக்கு மட்டுமே சாயம் பூசுவார். அவர் இடுப்புப் பட்டையான ஒபி ஐந்து மீட்டருக்கு மேல். முதுகில் கணுக்கால்வரை தொங்கும் அதன் நுனியில் ஒக்கியாவின் சின்னம் இருக்கும். மாய்க்கோ சொந்த முடியிலேயே கொண்டை போடுவதால், அது கலையாமலிருக்க உயரக் கட்டைத் தலையணையில் கழுத்தை வைத்துத் தூங்க வேண்டும். கெய்க்கோவுக்கு விக் போதும். பட்டை முடிச்சு வயிற்றுப் பக்கம் இருந்தால் அவர் கெய்ஷாவே இல்லை, பழைய காலத்து ஓய்ரான் என்னும் கணிகை. அட்டைப்படம் வரைபவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இது.

கேள்வி: போர்க்கால அத்தியாயத்தில் ஏன் திடீரென்று எல்லாம் மூடப்படுகின்றன?

பதில்: 1944 மார்ச்சில் அரசு ஆடம்பரக் கேளிக்கை இடங்களை மூட உத்தரவிட்டது. பல கெய்ஷாக்கள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். 1945இல், போர் முடிந்த பிறகே திறந்தார்கள்.