பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகிற மகனிடம் வீட்டில் இருப்பதற்கு வாடகை கேட்கலாமா?

கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான்: மகனுக்கு 18 வயது. பள்ளிக்கூடத்தில் உயர்தரப் படிப்பை இடையில் விட்டுவிட்டு ஒரு கடையில் வேலை செய்கிறான். வீட்டுக்கு ஒரு சதமும் தருவதில்லை. லண்டனில் இருக்கிற அக்கா 'மாதாமாதம் வாடகை வாங்கு' என்கிறார். அம்மா 'பெத்த பிள்ளையிட்டை வாடகையோ, பாவம்' என்கிறார். யார் சொல்வது சரி?

தங்கச்சி, அவன் படுக்கிற இடத்துக்கு விலை போடாதீர்கள். ஆனால் வீட்டுச் செலவில் அவனுடைய பங்கைக் கட்டாயம் வாங்குங்கள். எவ்வளவு என்று முதலிலேயே பேசி முடிவெடுத்து, அதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்காமல் வாங்குங்கள். எனக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம்.

உங்களுக்கு ஒரு மகளும் இருப்பாள் என்று நினைக்கிறேன், நீங்கள் எழுதவில்லை. அவளும் உழைக்கிறவளாக இருந்தால் அவள் சம்பளம் எந்தப் பேச்சும் இல்லாமல் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கேள்வி வருவது எப்போதும் பெடியனைப் பற்றி மட்டும்தான்.

லண்டன் அக்காவைக் குறை சொல்லவில்லை. என் சின்னம்மாவின் மகளும் அங்கேதான் இருக்கிறாள், அவள் சொல்லித்தான் எனக்கு இது விளங்கியது. அங்கே பிள்ளைக்கென்று தாய் தகப்பனுக்கு அரசாங்கம் ஒரு கொடுப்பனவு கொடுக்கிறது. 16 வயது வரைக்கும் வரும், பிள்ளை படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தால் 20 வரைக்கும் நீளும். படிப்பை விட்டால் அது நின்றுவிடும். தனியாகப் பிள்ளை வளர்க்கிறவருக்கு உள்ளூராட்சி வரியில் 25 வீதக் கழிவு இருக்கிறது. 18 தாண்டிய பிள்ளை படிக்காமல் வீட்டோடு இருந்தால் அந்தக் கழிவும் போகும். வருகிற காசு குறைந்து கட்டுகிற காசு கூடுகிறபோது அங்கே இருக்கிற தாய் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் நிலைமை வேறு.

நாங்கள் இலங்கையின் வடக்கில் விசுவமடுப் பக்கம். இருக்கிற வீடு போருக்குப் பிறகு இந்தியா காசு கொடுத்த வீட்டுத் திட்டத்தில் கட்டியது. ஐந்தரை இலட்சம் ரூபாய், வேலை நடக்க நடக்கக் கட்டம் கட்டமாக வங்கியில் விழும். எல்லா வேலைக்கும் கூலி கொடுக்க அந்தக் காசு காணாது என்பது கட்டினவர்களுக்குத் தெரியும். கல் அரிந்தது, மண் அள்ளினது எல்லாம் நாங்களே. மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரிந்த கல்லுக்கு வாளியில் தண்ணீர் ஊற்றுவது அவனுடைய வேலை. அந்தச் சுவருக்குள் படுப்பதற்கு அவனிடம் நான் எந்த முகத்தோடு வாடகை கேட்பது?

ஆனால் சாப்பாடும் கரண்ட்டும் சும்மா வருவதில்லை. 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தினார்கள். அந்தக் காலபோகம் எங்கள் வயலில் நெல் மணி பிடிக்கவில்லை. அடுத்த வருடம் பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸ் சிலிண்டர் ஒன்று கிட்டத்தட்ட 5,000 ரூபாய். நாங்கள் காஸ் அடுப்பைத் துணியால் மூடி வைத்துவிட்டு விறகுக்குத் திரும்பினோம். ஆவணியில் கரண்ட் கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்த மகன், 'இனிப் போகேல்லை அம்மா' என்று சொல்லிவிட்டுப் பரந்தனில் ஒரு அலுமினிய வேலைக்கடையில் சேர்ந்தான். மறிக்கப் பார்த்தோம், அவன் கேட்கவில்லை. மகளின் புள்ளி பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கினாள். விடிய இருட்டோடு சந்தியில் கொம்பனி பஸ்.

அவளுடைய முதல் சம்பளம் வங்கியில் விழுந்த அன்று முழுவதையும் எடுத்து வந்து என் மாமியின் கையில் கொடுத்தாள். மாமி அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, வற்றாப்பளை அம்மனுக்கென்று ஒரு தாளை மஞ்சள் துணியில் முடிந்துவிட்டு, மிச்சத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அது முறை என்று எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். அதே கிழமை மகன் தன் கூலிக்காசில் ஒரு புதுப் போனோடு வந்தான். அதற்கும் பேசாமல் இருந்தார்கள். இரவு சாப்பிடும்போது மகள், 'அப்பம்மா, தலையிடிக்குக் குளிசை வாங்க நூறு ரூபாய் தாங்கோ' என்று கேட்டாள். தன் சொந்தக் காசிலிருந்து ஒரு நூறு ரூபாயை அவள் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் விறாந்தையில் இருத்தினேன். ஒரு சி.ஆர். கொப்பியில் வீட்டுச் செலவை வரி வரியாக எழுதியிருந்தேன். அரிசி எங்கள் நெல்தான், ஆனால் அதற்கும் கடை விலை போட்டிருந்தேன். மகன் கொப்பியை வாங்கி விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தவன், கரண்ட் பில்லில் நின்றுவிட்டான். 'இவ்வளவோ?' இரவிரவாக ஓடுகிற பெரிய ஃபான் அவன் அறையில்தான் இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை, அவனுக்கே தெரியும்.

ஆளுக்கு 5,000 என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒரே தொகை.

'அக்காவுக்கு என்னைவிடச் சம்பளம் கூடத்தானே' என்றான். 'அக்கா விடிய எழும்பிச் சமைச்சுப்போட்டுப் போறா, நீ என்ன செய்யிறாய்?' என்று தகப்பன் கேட்டார். அன்று முழுக்க அவர் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். பிறகு மகன் பேசவில்லை.

பேசினது மாமிதான். 'ஆம்பிளைப் பிள்ளையிட்டைச் சோத்துக்குக் காசு வாங்கின வீடு எண்டு ஊர் சொல்லும்' என்றார். ஊர் சொன்னது உண்மை. என் காதுபடவே சொன்னார்கள். பெண்பிள்ளையின் முழுச் சம்பளத்தையும் வாங்கி அலுமாரியில் பூட்டினபோது அதே ஊர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெட்டை ஓவர்டைம் செய்து தம்பியின் மோட்டார் சைக்கிள் லீசிங் காசைக் கட்டுகிறாள். கேட்டால் அவளுடைய சீதனத்துக்குச் சேர்க்கிறோம் என்கிறார்கள். அவள் பெயரில் ஒரு பவுணும் சேரவில்லை, தம்பி அந்த மோட்டார் சைக்கிளில் அவளைச் சந்தியில் கொண்டுபோய் இறக்கிவிடுவதும் இல்லை.

தொகை பேசி வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அது பிள்ளைக்கு மட்டும் போடுகிற கட்டு இல்லை, எங்களுக்கும் கட்டு. 5,000 தந்த பிறகு மிச்சம் அவர்களுடையது. மகள் கிளிநொச்சியில் சனி ஞாயிறு கணினி வகுப்புக்குக் காசு கட்டினாள், சீட்டு ஒன்று பிடித்தாள். மகன் செய்த சில செலவுகளை என் கண்ணால் பார்க்க ஏலாது. ஆனாலும் கேட்கவில்லை, பேச்சு அப்படி. பிறகு அவனே சேர்த்து ஒரு துளை போடுகிற மெசின் வாங்கினான். இப்போது லீவு நாளில் அயலில் சின்னச் சின்ன வேலை எடுக்கிறான்.

வேலை இல்லாத மாதம் காசும் இல்லை என்பதையும் அன்றே பேசினோம். ஒருமுறை வெட்டுகிற மெசினில் அவனுடைய கை வெட்டுப்பட்டு வீட்டில் இருந்தான். கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு ஒரு பிஸ்கட் பெட்டியோடு போய்விட்டார். சம்பளம் ஒரு சதமும் இல்லை. அந்த மாதங்களுக்குக் கொப்பியில் அவன் பெயருக்கு நேரே கோடு மட்டும்தான் போட்டேன். நிலுவை என்று எழுதவில்லை, பிறகு கேட்கவும் இல்லை. வாடகை வீட்டுக்காரன் என்றால் எழுதி வைத்திருப்பான்.

காசு தருகிற பிள்ளைக்கு வீட்டு விஷயத்தில் பேச இடம் கொடுக்க வேண்டும். கணவர் ஒருநாள் வயலுக்கென்று என் பெயரில் குழுக்கடன் எடுக்கலாமா என்று தொடங்கினார். மகன் எழும்பி நின்று, 'நானும்தானே காசு தாறன், எனக்கு விருப்பமில்லை' என்றான். எடுக்கவில்லை. அவன் மறித்தது என் மனதுக்குப் பெரிய ஆறுதல்.

குழுக்கடன் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு வெளியே போனாலும் பரவாயில்லை. போர் முடிந்து நாங்கள் மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி வந்து வீட்டுக்குக் கூரை போடுகிற காலத்திலேயே கடன் கொடுக்கிற கொம்பனிக்காரரும் கொப்பியோடு வந்துவிட்டார்கள். கையெழுத்து எப்போதும் பெண்களிடம்தான். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதனால் கூடப்பிறந்தவர்களே முகம் பார்க்காமல் போனார்கள். பொழுதுபட்ட பிறகும் விறாந்தையில் கதிரையைப் போட்டு, காசு தந்தால்தான் எழும்புவோம் என்று இருப்பார்கள். 2018இல் வரட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது, வட்டிக்கு 35 வீதம் என்று உச்சம் வைத்தது. 35 வீதமே உச்சம் என்றால் அதற்கு முன்னால் வாங்கினது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். என் கூட்டாளி ஒருத்தி தாலிக்கொடியை அடைவு வைத்துக் கட்டினாள். அது இன்னும் மீளவில்லை. அவளை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இதற்குக் கீழே 'காசுக்காகப் பிள்ளை பெற்றவள்' என்று எழுத ஆட்கள் வருவார்கள். நான் படிக்கிற பிள்ளையிடம் வாங்கச் சொல்லவில்லை. 16 வயது வரைக்கும் படிப்பு கட்டாயம், 18 வரைக்கும் பராமரிப்பது தாய் தகப்பனின் சட்டக் கடமை. அதற்குப் பிறகும் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை 25 வரைக்கும் தாபரிப்பு, அதாவது பராமரிப்புச் செலவு, கேட்கலாம் என்று 1999ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் மகன் நாளைக்கே மனம் மாறி, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் மாதிரி ஒரு இடத்தில் தொழில் படிக்கப் போகிறேன் என்றால் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். பஸ் காசும் நீங்கள் கொடுங்கள். நான் சொல்வது உழைத்துக்கொண்டு வீட்டில் சாப்பிடுகிற பிள்ளையைப் பற்றி. ஒளித்துச் சேர்த்து வைத்துப் பிறகு திருப்பிக் கொடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். வசதி இருந்தால் செய்யுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் காசு அரிசிக்கும் பில்லுக்கும் போனது, அதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை.

உங்கள் அம்மா பாவம் என்று சொன்னால், அவரையும் பக்கத்தில் இருத்திக் கொப்பியைத் திறந்து செலவை வாசியுங்கள். என் மாமி இன்னமும் வாயால் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மகளின் காசைப் பிறகு அலுமாரியில் வைத்துப் பூட்டவில்லை.

தொகை பேச முன்னம் அவனுடைய சம்பளத்தை ஒருக்கால் பாருங்கள். 2025 சித்திரையிலிருந்து ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாய் என்று சட்டம் வந்தது, பிறகும் கூட்டினார்கள். அதற்குக் குறையக் கொடுக்கிற கடையில் இருக்கிற பிள்ளையிடம் நீங்கள் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். அவன் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் முதலாளியே இன்னும் 3 வீதம். ஒரே ஒரு ஆளை வைத்திருக்கிற கடையும் கட்ட வேண்டும், நாட்கூலி என்று சொல்லித் தப்ப முடியாது. என் மகனுக்கு அந்தக் கடையில் கட்டவே இல்லை, கேட்டபோது சின்னக் கடைக்கு அது இல்லை என்றார்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் மகனிடம் சம்பளச் சீட்டு இருந்தால் ஒன்றையும் எறியாமல் வாங்கி வையுங்கள்.